அடுத்த மெகாவாட்டை எந்த யூனிட்டிடம் கேட்பது

மின் கட்டமைப்பை ஓட்டும் கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதாக வரும் பொறியாளர்களிடம் நான் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். "இப்போது சுமை ஒரு மெகாவாட் ஏறினால் எந்த யூனிட்டை ஏற்றுவீர்கள், அதற்கு எவ்வளவு செலவாகும்?" (யூனிட் என்பது இங்கே மின் நிலையத்தில் தனியாக ஓடும் ஓர் உற்பத்தி இயந்திரம்; சுமை என்பது அந்த நேரத்து மின் தேவை.) பெரும்பாலும் வரும் பதில், "எது மலிவான யூனிட்டோ அதை." சரி, மலிவு என்றால் எந்த மலிவு? அந்த யூனிட் இதுவரை தந்த மின்சாரம் முழுவதுக்குமான சராசரிச் செலவா, இனிமேல் தரப்போகும் அந்த ஒரு மெகாவாட்டுக்கு மட்டும் ஆகும் கூடுதல் செலவா? இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, அந்த எண்களை நம்பும்படி வைத்திருப்பது. ஷிஃப்ட் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில், எனக்கு இரண்டாவது பாதிதான் கடினமானது, முக்கியமானது என்று தோன்றுகிறது.

ஒரு குறிப்பு: இதில் வரும் செலவுகளை வெறும் எண்களாகவே எழுதுகிறேன். எந்த நாட்டுப் பணத்தை வைத்துப் படித்தாலும் கணக்கு மாறாது.

முதலில் வளைவைச் சரிபாருங்கள்

ஒரு கிலோவாட் மணி என்பது 860 கிலோகலோரி. நூறு சதவீதத் திறனுள்ள இயந்திரம் இருந்தால் அவ்வளவு வெப்பம் போதும். 38 சதவீதத் திறனில் ஓடும் அனல் யூனிட்டுக்கு ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் ஏறத்தாழ 2,263 கிலோகலோரி வேண்டும். இதைத்தான் ஹீட் ரேட் என்கிறோம். யூனிட்டைப் பாதிச் சுமையில் ஓட்டினால் ஹீட் ரேட் மோசமாகும். முழுச் சுமையை நெருங்கும்போது நன்றாகும்.

கட்டமைப்பை ஓட்டுபவருக்கு ஹீட் ரேட் மட்டும் போதாது. ஒவ்வொரு மெகாவாட் அளவிலும் மணிக்கு எவ்வளவு எரிபொருள் உள்ளே போகிறது என்ற வளைவு வேண்டும். அதன் சரிவுதான் இன்க்ரிமெண்டல் காஸ்ட், அதாவது அடுத்த மெகாவாட்டின் செலவு. இந்த வளைவு நிலையத்தைக் கட்டி ஒப்படைத்த காலத்தில் எடுத்த சோதனையிலிருந்து வந்திருந்தால் அதை அப்படியே நம்பாதீர்கள். நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரின் குழாய்களில் படிவு சேரும், அதனுள் வேக்குவம் (வெற்றிடம்) குறையும், எரிப்புக் காற்றைச் சூடாக்கும் ஏர் ஹீட்டரில் கசிவு வரும், டர்பைன் இலைகள் தேயும். வெயில் காலத்தில் குளிர்விக்கும் நீரே சூடாக வரும். ஒவ்வொன்றும் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். எல்லா யூனிட்டிலும் ஒரே அளவாகத் தள்ளாது என்பதுதான் சிக்கல்.

சோதனையை இப்படிச் செய்யச் சொல்லுவேன். குறைந்தபட்சச் சுமை, முழுச் சுமை, இடையில் இரண்டு மூன்று நிலைகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையிலும் அழுத்தமும் வெப்பநிலையும் அசையாமல் நிற்கும்வரை யூனிட்டை வைத்திருங்கள். எரிபொருளின் எடையையும் அதே நேரத்தில் எடுத்த மாதிரியின் வெப்ப மதிப்பையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். போன வாரம் வந்த நிலக்கரியின் வெப்ப மதிப்பை இந்த வாரச் சோதனைக்குப் போட்டால் முழு உழைப்பும் வீண். உற்பத்தியை ஜெனரேட்டர் முனையில் அளக்காமல், நிலையத்தின் சொந்தப் பயன்பாடு போக வெளியே போகும் இடத்தில் அளங்கள். பம்புகளும் மின்விசிறிகளும் தின்னும் மின்சாரம் வாடிக்கையாளருக்குப் போவதில்லை.

நீராவி வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் பெரிய டர்பைன்களில் வளைவு வழவழப்பாக இருக்காது. ஒரு வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கும்போது நீராவி நெரிபட்டு இழப்பு கூடும். முழுதாகத் திறந்ததும் நிலைமை மேம்படும். அந்த நல்ல புள்ளிகள் எந்த மெகாவாட்டில் வருகின்றன என்று நிலையத்து ஆட்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், நாம்தான் கேட்பதில்லை.

மூன்று யூனிட், ஒரு கணக்கு

வளைவு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று யூனிட்களை எடுத்துக்கொள்கிறேன். அடுத்த மெகாவாட்டின் செலவு இவை:

ஒன்றாம் யூனிட்: 20 + 0.02 × மெகாவாட். 150 முதல் 500 வரை ஓடும்.
இரண்டாம் யூனிட்: 22 + 0.03 × மெகாவாட். 100 முதல் 400 வரை.
மூன்றாம் யூனிட்: 26 + 0.02 × மெகாவாட். 50 முதல் 200 வரை.

இதோடு, ஓடிக்கொண்டிருப்பதற்காக மட்டும் ஒவ்வொன்றும் மணிக்கு முறையே 1,500, 600, 300 தின்கின்றன.

சுமை 850 மெகாவாட். எப்படிப் பிரிப்பது? விதி எளிது: மூன்றின் இன்க்ரிமெண்டல் காஸ்ட்டும் ஒரே எண்ணாகும்வரை நகர்த்துங்கள். ஏன் என்றால், ஒன்றில் அடுத்த மெகாவாட் 28க்கும் இன்னொன்றில் 30க்கும் கிடைக்கிறது என்றால், 30ல் ஒரு மெகாவாட்டைக் குறைத்து 28ல் ஏற்றினால் 2 மிச்சம். மிச்சம் பிடிக்க வழி இருக்கும்வரை நாம் குறைந்த செலவை எட்டவில்லை. வழி தீர்ந்து, எல்லாம் சமமான இடத்தில் நிற்கும் அந்தப் பொது எண்ணை லாம்டா என்கிறோம்.

கையால் செய்வதானால் லாம்டாவை ஊகித்துத் தொடங்குங்கள். 30 என்று வைத்தால் யூனிட்கள் 500, 267, 200 என்று தரும், மொத்தம் 967. அதிகம். 29 என்று வைத்தால் 450, 233, 150, மொத்தம் 833. கொஞ்சம் குறைவு. இரண்டுக்கும் நடுவில் சுருக்கிக்கொண்டே போனால் 29.125ல் நிற்கும்: ஒன்றாம் யூனிட் 456.25, இரண்டாவது 237.5, மூன்றாவது 156.25. கூட்டினால் சரியாக 850. கணினியும் இதைத்தான் செய்கிறது, ஆயிரம் மடங்கு வேகத்தில். புதியவர்கள் ஒரு முறையாவது காகிதத்தில் செய்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது உண்டு. திரையில் வரும் எண் தப்பாக இருந்தால் கண்ணில் உறுத்துவது அதற்குப் பிறகுதான்.

இப்போது சராசரியைப் பார்ப்போம். அந்த நிலையில் ஒன்றாம் யூனிட்டின் சராசரிச் செலவு மெகாவாட் மணிக்கு 27.85. மூன்றாவதின் சராசரி 29.48. இதைப் பார்த்தவுடன் ஒன்றாவதை 500க்கு ஏற்றி, மூன்றாவதை 112.5க்கு இறக்கக் கை துறுதுறுக்கும். செய்தால் மணிக்கு 38 கூடுதலாகச் செலவாகும். ஏறும் பக்கம் ஒவ்வொரு மெகாவாட்டும் 29.1ல் தொடங்கி 30 வரை விலை கேட்கிறது, இறங்கும் பக்கம் மிச்சமாவது 29.1ல் தொடங்கி 28.25 வரைதான்.

இதே 850ஐ யூனிட்களின் கொள்ளளவு விகிதப்படி பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பாருங்கள். சரியான பிரிவினையைவிட மணிக்கு ஏறத்தாழ 126 அதிகம். மொத்தச் செலவில் இது அரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் வருடத்துக்கு 8,760 மணி நேரம் இருக்கிறது. பல ஆயிரம் மெகாவாட் கட்டமைப்பில் அந்த அரை சதவீதம் கப்பல் கப்பலாக நிலக்கரி.

எல்லையில் முட்டும்போது

சுமை 1,000 ஆகிறது. அதே கணக்கைப் போட்டால் லாம்டா 30.25, ஒன்றாம் யூனிட்டுக்கு 512.5 வருகிறது. அதன் எல்லை 500. ஆகவே அதை 500ல் கட்டிவிட்டு மீதியை மற்ற இரண்டுக்கும் பிரியுங்கள். இப்போது மூன்றாவது 220 கேட்கிறது. அதையும் 200ல் கட்டுங்கள். மிச்சம் 300 இரண்டாவதுக்கு. அதன் இன்க்ரிமெண்டல் காஸ்ட் 31. கட்டமைப்பின் லாம்டா இப்போது 31தான். உச்சியில் முட்டிய இரண்டும் 30ல் நிற்கின்றன. அவை மலிவாக இருந்தும் இன்னும் தர முடியாது. உச்சியில் நிற்கும் யூனிட்டின் செலவு லாம்டாவைவிடக் குறைவாகவும், அடிமட்டத்தில் நிற்கும் யூனிட்டின் செலவு லாம்டாவைவிட அதிகமாகவும் இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் எங்கோ தவறாகக் கட்டியிருக்கிறீர்கள்.

சுமை சற்றே அசையும்போது முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டாம். வளைவு எவ்வளவு தட்டையோ அவ்வளவு பங்கு. 850ஐ ஒட்டி 8 மெகாவாட் ஏறினால் மூன்றுக்கும் 3, 2, 3 என்று பிரியும். சில விநாடிகளுக்கு ஒருமுறை அதிர்வெண்ணைப் பார்த்து யூனிட்களைத் திருத்தும் தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு இந்தப் பங்கு விகிதத்தைத்தான் கொடுக்கிறோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பொருளாதாரக் கணக்கு ஓடி, அந்த அடிப்படையைப் புதுப்பிக்கும்.

யூனிட் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 3 மெகாவாட் ஏறும் யூனிட் ஐந்து நிமிடத்தில் 15தான் தரும். மாலை விளக்கு நேரத்துச் சுமை அதைவிட வேகமாக ஏறினால், விலை கூடிய வேகமான யூனிட் உள்ளே வந்தே தீரும். ஆகையால் ஏற்றம் தொடங்கும் முன்பே மெதுவான யூனிட்களை முன்கூட்டியே நகர்த்தி வைப்பது நல்ல ஷிஃப்டின் அடையாளம்.

இரவில் எதை நிறுத்துவது

என் அனுபவத்தில் பெரிய பணம் இங்கேதான் இருக்கிறது. ஓடும் யூனிட்களுக்குள் பிரிப்பதில் அரை சதவீதம் மிச்சமாகலாம். எந்த யூனிட் ஓடவே வேண்டாம் என்ற முடிவில் அதைவிடப் பல மடங்கு தப்பும் செய்யலாம், மிச்சமும் பிடிக்கலாம்.

இரவில் சுமை 350 என்று கொள்ளுங்கள். மூன்றாவது நின்றுவிட்டது. ஒன்றாவதும் இரண்டாவதும் சேர்ந்து ஓடினால் 250, 100 என்று பிரியும், லாம்டா 25, மணிக்கு மொத்தச் செலவு 10,075. ஒன்றாவது மட்டும் 350 தந்தால் 9,725. ஆக, இரண்டாவதை நிறுத்தினால் மணிக்கு 350 மிச்சம். நிறுத்திவிடலாமா?

நிறுத்திய பாய்லர் ஆறும். காலையில் அதைத் திரும்பச் சூடாக்கி, டர்பைனைச் சுழற்றி, கட்டமைப்போடு இணைக்க எண்ணெயும் நேரமும் வேண்டும். அந்தத் தொடக்கச் செலவு 3,000 என்றால், 3,000ஐ 350ஆல் வகுத்துப் பாருங்கள்: எட்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆறு மணி நேரம் நிறுத்தினால் 2,100 மிச்சமாகி 3,000 செலவாகும், நட்டம். ஒன்பது மணி நேரம் நிறுத்த முடிந்தால் கொஞ்சம் லாபம். வார இறுதி, நீண்ட விடுமுறை என்றால் யோசிக்கவே வேண்டாம். தொடக்கச் செலவு நிலையான எண் இல்லை என்பதை மறக்காதீர்கள். பாய்லர் ஆற ஆற அது கூடும், முழுதாக ஆறிய பிறகு ஒரே அளவில் நிற்கும். சூடான தொடக்கத்துக்கு ஒரு எண், ஆறிய தொடக்கத்துக்கு ஒரு எண் என்று குறைந்தது இரண்டு எண்கள் வைத்திருங்கள். பாய்லரை மூடிச் சூடாகவே காத்து வைப்பதற்கும் ஒரு செலவு உண்டு. குறைந்த நேரத்துக்கு அது மலிவாக வரலாம்.

அடிக்கடி நிறுத்தித் தொடங்கும்போது தடித்த உலோகம் சூடேறி ஆறி விரிசல் விடுகிறது. அது இன்றைய எரிபொருள் கணக்கில் வராது, இரண்டு வருடம் கழித்துப் பழுது பார்க்கும் பட்டியலில் வரும். தொடக்கச் செலவில் இதற்கும் ஒரு பங்கு சேர்க்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். நிறுத்திய பின் குறைந்தது இத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், தொடங்கிய பின் இத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்ற நிலையத்தின் நிபந்தனைகளையும் மதியுங்கள்.

யூனிட்கள் அதிகமானால் இந்த முடிவு கையால் முடியாது. பத்து யூனிட்டுக்கே ஒரு மணி நேரத்துக்கு 1,024 ஓடு-நில் சேர்க்கைகள், 24 மணி நேரத்துக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு காலத்தில் முழுச் சுமைச் சராசரிச் செலவுப்படி வரிசைப்படுத்தி, மேலிருந்து எடுத்துக்கொண்டே வருவார்கள். அவசரத்துக்கு அது இன்றும் உதவும். பிறகு, பெரிய கணக்கை யூனிட் வாரியாகச் சின்னச் சின்னக் கணக்குகளாக உடைக்கும் லக்ராஞ்சியன் தளர்வு முறை வந்தது. இப்போது பெரிய மின்சந்தைகளில் முழு எண் கலந்த நிரலாக்கம்தான் (ஓடு-நில் முடிவுகளை 1, 0 என்று வைத்துத் தீர்க்கும் கணித முறை) ஓடுகிறது. மென்பொருள் எதுவானாலும், அது தரும் அட்டவணையில் ஒரு யூனிட் நின்று எழும் இடங்களை மட்டும் மேலே காட்டியபடி வகுத்துச் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மிச்சமும் பாதுகாப்பும் மோதும் இடம்

மேலே இரவில் ஒன்றாம் யூனிட் தனியாக ஓடுவது பற்றிப் பேசினேனே, அதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அது டிரிப் ஆனால், அதாவது திடீரெனத் துண்டித்து நின்றுவிட்டால், 350 மெகாவாட்டும் போய்விடும், தாங்க ஆளில்லை. இரண்டும் ஓடும்போது ஒன்றாவது போனால் இழப்பு 250, இரண்டாவதுக்கு இன்னும் 300 ஏற இடம் இருக்கிறது. எந்த நேரத்திலும், ஓடுவதில் மிகப் பெரிய யூனிட் போனாலும் மற்றவை தாங்கும் அளவுக்குச் சுழலும் கையிருப்பு (ஓடும் யூனிட்களில் இன்னும் ஏற்ற மிச்சமிருக்கும் இடம்) வேண்டும் என்பது உலகம் முழுதும் பின்பற்றப்படும் வழக்கம். அந்தக் கையிருப்பு பல யூனிட்களில் பரவியிருக்க வேண்டும். ஒரே யூனிட்டில் 300 வைத்து அது நிமிடத்துக்கு 3 மெகாவாட்தான் ஏறும் என்றால், தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது. மணிக்கு 350 மிச்சத்துக்காகக் கையிருப்பைக் கைவிடாதீர்கள். அண்டைக் கட்டமைப்போடு உறுதியான ஏற்பாடு இருந்தால் மட்டும் வேறு பேச்சு.

கம்பிகளுக்கும் இதே நியாயம். 1965 நவம்பர் 9 அன்று, நயாகரா அருவிக்குப் பக்கத்தில் கனடா எல்லைக்குள் இருக்கும் ஆடம் பெக் மின் நிலையத்தில் ஒரு ரிலே (கம்பியைக் காக்கத் துண்டிக்கும் கருவி), அதிகச் சுமை சுமந்த 230 கிலோவோல்ட் கம்பியைத் துண்டித்தது. அதன் சுமை மற்ற நான்கு கம்பிகள் மேல் விழுந்தது, அவையும் அடுத்தடுத்துத் துண்டித்துக்கொண்டன. ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் இருட்டில் இருந்தார்கள். ஒரு கம்பி போனாலும் மீதிக் கம்பிகள் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துத்தான் இன்று குறைந்த செலவைத் தேடுகிறோம். கம்பிகளின் மின்னோட்டச் சமன்பாடுகளையே செலவுக் கணக்குக்குள் கொண்டுவரும் வடிவத்தை 1962ல் பிரான்சின் கார்ப்பாந்தியே எழுதினார். அதன் சந்ததிகள்தான் இப்போதைய நிரல்கள்.

நம் எடுத்துக்காட்டிலேயே பார்க்கலாம். ஒன்றாம் யூனிட்டிலிருந்து வரும் கம்பி 400 மெகாவாட்தான் தாங்கும் என்றால், 850 சுமைக்கு மற்ற இரண்டும் 260, 190 என்று ஏற வேண்டும். அந்த இரண்டின் பக்கம் லாம்டா 29.8, ஒன்றாம் யூனிட்டின் பக்கம் 28. கூடுதல் செலவு மணிக்கு ஏறத்தாழ 51. இந்த 1.8 வித்தியாசத்தைத் தினமும் குறித்து வைத்தால், எந்தக் கம்பியைப் பலப்படுத்தக் காசு கேட்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் தானாகச் சேரும்.

கம்பி இழப்பும் உண்டு. ஒரு யூனிட் தூரத்தில் இருந்து, அதில் ஏற்றும் அடுத்த மெகாவாட்டில் 5 சதவீதம் வழியில் போகிறது என்றால், அதன் 30ஐ 0.95ஆல் வகுத்து 31.58 என்று எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். சராசரி இழப்பைப் போடாதீர்கள். இப்படித் தூரத்து யூனிட்டில் அடுத்த மெகாவாட்டின் இழப்பு வழக்கமாக அதைவிட அதிகம், ஏறத்தாழ இரட்டிப்பு.

தண்ணீர், வெயில், காற்று

அணைத் தண்ணீருக்கு எரிபொருள் செலவு இல்லை, ஆனால் அது இலவசம் இல்லை. இன்று திறந்த தண்ணீர் நாளை மாலைக்கு இருக்காது. நாளை மாலை லாம்டா 31க்குப் போகும் என்றால், அந்தத் தண்ணீரின் மதிப்பு 31. இரவில் 25 இருக்கும்போது அதைத் திறப்பது நட்டம். அணை நிரம்பி வழியப்போகிறது என்றால் மட்டும் மதிப்பு பூஜ்ஜியம், உடனே ஓட்டுங்கள்.

மேலே நீரேற்றிச் சேமிக்கும் நிலையங்களில் நான்கில் மூன்று பங்குதான் திரும்பி வரும் என்று வைத்துக்கொண்டால், 25ல் ஏற்றிய மின்சாரம் திரும்பி வரும்போது 33.3 ஆகிவிடும். நம் மாலை லாம்டா 31. ஆகவே அன்றைக்கு ஏற்றவே கூடாது. இரவு மலிவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பம்பை ஓட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வகுத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

வெயிலும் காற்றும் எரிபொருள் கேட்பதில்லை. அவற்றை முழுதாக எடுத்துக்கொண்டு மீதிச் சுமையை மற்றவற்றுக்குப் பிரியுங்கள். நண்பகலில் மீதிச் சுமை 250க்கு இறங்கினால், நம் மூன்று யூனிட்களின் அடிமட்டங்களின் கூட்டு 300 என்பது இடிக்கும். அப்போது ஒன்றை நிறுத்த வேண்டும், அல்லது சூரிய மின்சாரத்தை வெட்ட வேண்டும். அனல் யூனிட்டின் குறைந்தபட்சச் சுமையைப் பாதுகாப்பாக இன்னும் கீழே கொண்டுவர நிலையத்து ஆட்கள் உழைத்தால், அதன் பலன் முழுவதும் இந்த நேரத்தில் தெரியும்.

மறுநாள் காலை

நேற்றைய உண்மையான சுமையை வைத்து, எல்லாம் முன்பே தெரிந்திருந்தால் எப்படி ஓட்டியிருப்போம் என்ற கணக்கை ஒரு முறை ஓட்டுங்கள். அதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் காரணவாரியாகப் பிரியுங்கள்: சுமைக் கணிப்பு தவறியது, யூனிட் டிரிப் ஆனது, கம்பி நிறைந்தது, கையிருப்புக்காக விட்டுக்கொடுத்தது, ஷிஃப்ட் தாமதமாக நகர்த்தியது. இதில் யாரையும் குறை சொல்லத் தொடங்கினால் அடுத்த நாள் முதல் பதிவுகள் சுத்தமாக வராது, ஆகையால் பெயர் எழுத வேண்டாம். அப்புறம், கணக்கு சொன்ன எரிபொருளையும் நிலையம் உண்மையில் எரித்த எரிபொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த யூனிட்டில் இரண்டும் விலகிக்கொண்டே போகிறதோ, அடுத்த ஹீட் ரேட் சோதனையை அங்கே வையுங்கள்.